தராசு பேசினால் யார் கேட்பது? சீரியல் சேர்வரில் யூடிபி முறைகள்: ஓர் ஒப்பீடு

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு ஸ்டோரில் கொழுந்து நிறுக்கும் தராசை நெட்வேர்க்கோடு சேர்க்கும் வேலை என் கைக்கு வந்தது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் ஸ்டோர் என்றால் கடை இல்லை, தேயிலைத் தொழிற்சாலை. மலையிலிருந்து லொறி வந்து வாசலில் நிற்கும். கொழுந்துச் சாக்குகள் ஒவ்வொன்றாகத் தராசில் ஏறும். அந்த எடை மூன்று இடங்களுக்குத் தெரிய வேண்டும். கீழே ஸ்டோர் ஒபிசில் கணக்கு எழுதும் கம்பியூட்டர் ஒன்று. மேல்தட்டில், கொழுந்து வாட்டும் இடத்தில், சுவரில் தொங்கும் சிவப்பு எழுத்துப் பலகை ஒன்று. மூன்றாவது, எதிர்மலையில் இருக்கும் தோட்டத்து ஒபிஸ். அங்கே போவது வயர்லெஸ் இணைப்பு. நடுவில் பள்ளத்தாக்கு, கிரேவிலியா மரங்கள், நாலு மணிக்கு மேல் மூடுபனி.

தராசின் பின்பக்கம் இருப்பதோ ஒரே ஒரு ஆர்எஸ்-232 வாய், எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் பழைய சீரியல் வகை. அந்த வாயையும் நெட்வேர்க்கையும் இணைக்க ஒரு சின்னப் பெட்டி வாங்கினோம். சீரியல் டிவைஸ் சேர்வர் என்பார்கள். ஒரு பக்கம் ஒன்பது ஊசி சொக்கெட், மறுபக்கம் நெட்வேர்க் வயர். பெட்டியை மாட்ட அரை மணி நேரம் போதும். அதன் செட்டிங் பக்கத்தைத் திறந்து 'ஒப்பரேஷன் மோட்' என்ற இடத்துக்கு வந்ததும்தான் கை நிற்கும். டிசிபி சேர்வர், டிசிபி கிளையன்ட், யூடிபி என்று வரிசையாக இருக்கும். யூடிபியைத் தொட்டால் அதற்குள்ளேயும் ஒரு முகவரியா, பல முகவரியா, புரோட்காஸ்டா, மல்டிகாஸ்டா என்று அடுத்த கேள்வி. இவற்றில் எதை எப்போது எடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டிசிபியும் யூடிபியும் நெட்வேர்க்கில் தகவல் அனுப்பும் இரண்டு விதிமுறைகள். முதலில், டிசிபியை விட்டு ஏன் யூடிபி? டிசிபி பதிவுத் தபால் மாதிரி. கையெழுத்து வாங்காமல் போகாது. கிடைக்கவில்லை என்றால் திரும்ப அனுப்பும், வரிசை மாறாது. கேட்க நல்லதுதான். ஆனால் எங்கள் வயர்லெஸ் இணைப்பு ஒரு மழையில் 20 வினாடி அறுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசு வினாடிக்கு 10 வரி சொல்கிறது, ஒரு வரி 18 எழுத்து. 20 வினாடியில் 200 வரி, 3600 எழுத்து. டிசிபி இவற்றைக் கையில் சேர்த்து வைத்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் பழையதிலிருந்து வரிசையாகக் கொட்டும். அந்தப் பக்கம் இருப்பதும் 9600 வேகத்தில் (வினாடிக்கு 9600 பிட்) ஓடும் பலகை என்றால், 3600 எழுத்தை விழுங்க அதற்கு நாலு வினாடி கிட்ட வேண்டும். அதுவரை இறக்கிவைத்த சாக்கின் எடைதான் பலகையில் ஓடும். பார்க்கிறவர் அதையே இப்போதைய எடை என்று நினைப்பார்.

இன்னொரு தொல்லை கரண்ட். கம்பியூட்டர் கரண்ட் போய் அணைந்துவிடுகிறது. தராசும் பெட்டியும் பட்டரியில் இருப்பதால் அணையவில்லை. அந்த நேரம் தராசு பேசாமல் சும்மா இருந்தால், பழைய தொடர்பு இன்னும் உயிரோடு இருப்பதாகப் பெட்டி நம்பிக்கொண்டிருக்கும். பல பெட்டிகளில் ஒரே நேரத்தில் ஒரு தொடர்புக்குத்தான் இடம் கொடுத்திருப்பார்கள். கம்பியூட்டர் மறுபடி எழுந்து வந்து கதவைத் தட்டினால் 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று பதில் வரும். பெட்டி தானாகச் சோதித்து அந்தச் செத்த தொடர்பைக் கழற்றிவிடச் சில நிமிடங்கள் ஆகும். லொறிக்காரர் அந்தச் சில நிமிடங்களைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

யூடிபிக்கு இந்தத் தொடர்பு என்ற பேச்சே இல்லை. 1980 ஓகஸ்டில் ஜோன் போஸ்டல் எழுதிய அதன் விதி ஆவணம் மூன்றே பக்கம். 8 பைட் தலைப்பு, அதற்குப் பின்னால் சரக்கு, அவ்வளவுதான். போனால் போனது, போகாவிட்டால் போகவில்லை. எந்தக் கருவி எந்த வரிசையில் அணைந்து எழுந்தாலும் அடுத்த வரி வந்து சேரும்.

அப்படியானால் எடை தொலையாதா? தொலையும். இங்கேதான் தராசைப் பார்க்க வேண்டும். எடையைக் காட்டும் பகுதியான இண்டிகேட்டரில் அதை இரண்டு விதமாகப் பேச வைக்கலாம். ஒன்று, ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பது. இன்னொன்று, யாராவது 'பிரிண்ட்' பட்டனை அழுத்தினால் மட்டும் ஒரே ஒரு வரி சொல்வது. ஓயாமல் சொல்லும் தராசில் ஒரு வரி தொலைந்தால் பத்தில் ஒரு வினாடியில் அடுத்தது வந்துவிடும், யாருக்கும் நட்டமில்லை. ஒருமுறை மட்டும் சொல்லும் தராசில் ஒரு வரி தொலைந்தால் ஒரு சாக்கே கணக்கில் இல்லை. முன்னதற்கு யூடிபி, பின்னதற்கு டிசிபி. என்னைக் கேட்டால் நெட்வேர்க்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னால் இண்டிகேட்டரின் இந்த ஒரு செட்டிங்கைப் போய்ப் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

எங்கள் தராசு ஓயாமல் பேசுவது. அதனால் யூடிபி. இனி அதற்குள் இருக்கும் வழிகள்.

ஒரு முகவரிக்கு மட்டும் அனுப்புவது எல்லாவற்றிலும் எளிது. டெஸ்டினேஷன் ஐபி (பெறுகிற கருவியின் நெட்வேர்க் முகவரி), போர்ட் (அந்தக் கருவியில் எந்தக் கதவு என்று சொல்லும் எண்) இரண்டையும் எழுதினால் முடிந்தது. மோக்ஸாவின் என்போர்ட் வகைப் பெட்டிகளில் போர்ட் 4001 என்று முன்னமே எழுதியிருக்கும், அதை அப்படியே விட்டாலும் ஓடும். பெறுகிற கம்பியூட்டருக்கு ஐபி மாறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. ரவுட்டர் நாளைக்கு வேறு ஐபி கொடுத்துவிட்டால், தராசு பழைய வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும். யாரும் பதில் சொல்லவில்லையே என்று பெட்டி கவலைப்படாது, சிவப்பு விளக்கும் எரியாது. யூடிபியில் தவறுகள் சத்தம் போடுவதில்லை.

பல முகவரிகளுக்கு அனுப்புவது அதன் அண்ணன். அதே என்போர்ட் வகையில் 4 வரிசை எழுதலாம், ஒவ்வொரு வரிசையிலும் ஆரம்ப ஐபி, முடிவு ஐபி, போர்ட். பெட்டி ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பும். சுமையாகாதா என்று கேட்பீர்கள். 18 எழுத்து வரிக்கு யூடிபி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20, மொத்தம் 46 பைட். வயர் நெட்வேர்க்கான ஈதர்நெட் ஒரு சட்டகத்துக்குள் (ஃபிரேம்) வைக்கும் ஆகக் குறைந்த சரக்கும் சரியாக 46. யாரோ அளந்து தைத்த மாதிரி இருக்கிறது. வினாடிக்கு 10 வரி, மூன்று பேர், மொத்தம் 30 சின்னப் பொட்டலம். ஒரு கண்காணிப்புக் கெமரா தின்பதில் இது ஒரு துளி.

புரோட்காஸ்ட் என்பது தப்படித்துச் சொல்வது. அந்தக் காலத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம்) லயத்து வீடுகளின் மக்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். காது இருக்கிற எல்லோருக்கும் கேட்கும். 255.255.255.255 என்றோ, 192.168.1.255 மாதிரி அந்த நெட்வேர்க்கின் கடைசி முகவரியையோ எழுதினால் போதும். யார் பெறுகிறார் என்று பெட்டிக்குத் தெரிய வேண்டியதில்லை, புதுக் கம்பியூட்டர் வந்தாலும் செட்டிங்கைத் தொட வேண்டாம். இந்தச் சோம்பேறித்தனம் பிடித்துப்போய் நானும் முதலில் இதைத்தான் போட்டேன்.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் பைக்கெட் அறையில் இருந்த இன்னொரு தராசையும் அதே மாதிரிப் பெட்டி போட்டு, அதே 4001 போர்ட்டில், அதே புரோட்காஸ்டில் விட்டேன். மத்தியானம் ஸ்டோரில் தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் ஐயா போன் எடுத்தார். "தம்பி, பலகையில கொழுந்துச் சாக்கு முப்பத்தெட்டு கிலோங்குது, அடுத்த நிமிசம் அஞ்சு கிலோங்குது. சாக்குல ஓட்டையா, உங்க பெட்டியில ஓட்டையா?" ஓட்டை என் தலையில்தான். இரண்டு தராசும் ஒரே குரலில் கத்தினால் பலகைக்கு எது எது என்று எப்படித் தெரியும்? அதைவிட மோசம், ஒரு பெட்டி சொன்னதை மற்றப் பெட்டியும் 4001-இல் கேட்டு, தன் தராசுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அந்த இண்டிகேட்டர்கள் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் வகை இல்லை. இருந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக் கத்தி நெட்வேர்க்கையே மூழ்கடித்திருக்கும். புரோட்காஸ்ட் போட்டால் ஒவ்வொரு தராசுக்கும் தனிப் போர்ட் கொடுங்கள். அந்தப் பெட்டி கேட்கும் போர்ட்டையும் வேறாக வையுங்கள்.

புரோட்காஸ்ட்டைக் கைவிட எனக்கு இதைவிடப் பெரிய காரணம் எதிர்மலை ஒபிஸ். வைபையில் ஒருவருக்கென்று போகும் பொட்டலத்துக்கு ரேடியோ மட்டத்திலேயே 'கிடைத்தது' என்று பதில் உண்டு. பதில் வராவிட்டால் ரேடியோவே மறுபடி அனுப்பும். அதாவது யூடிபி கவலைப்படாவிட்டாலும் வைபை கொஞ்சம் கவலைப்படும். எல்லோருக்கும் என்று போகும் பொட்டலத்துக்கு அந்தப் பதில் கிடையாது, ஒருமுறை வீசுவதோடு சரி. அதுவும் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று பொதுவாக ஆகக் குறைந்த வேகத்தில் போகும். நனைந்த மரங்களுக்கு நடுவே போகிற இணைப்பில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. புரோட்காஸ்டில் எதிர்மலைத் திரை விட்டு விட்டு ஓடியது, ஒரு முகவரிக்கு மாற்றியதும் அதே மழையில் ஒழுங்காக ஓடியது.

மல்டிகாஸ்ட் பேர் கொடுத்தவர்களுக்கு மட்டும் சொல்வது. 239-இல் தொடங்கும் முகவரி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், அந்த வரிசை உள்ளூர்ப் பாவனைக்கென்றே ஒதுக்கியது. கேட்க விரும்பும் கருவி 'என்னையும் சேர்' என்று ஐஜிஎம்பி என்ற பேர் பதியும் விதிமுறை மூலம் சொல்லும். ஏட்டில் பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் அழகு. தோட்டத்தில் பார்த்தால் மூன்று முட்டுக்கட்டை. சாதாரண மலிவு நெட்வேர்க் சுவிட்சுக்குப் பேர்ப்பட்டியல் வைக்கத் தெரியாது, அது எல்லோருக்கும் அனுப்பிவிடும். ஆக மல்டிகாஸ்ட் போட்டும் கிடைப்பது புரோட்காஸ்டே. பட்டியல் வைக்கத் தெரிந்த நல்ல சுவிட்சுக்கோ அவ்வப்போது 'இன்னும் இருக்கிறீர்களா' என்று கேட்க ஆள் தேவைப்படும். அப்படிக் கேட்கும் குவெரியர் நெட்வேர்க்கில் யாரும் இல்லை என்றால், வழக்கமான செட்டிங்கில் 260 வினாடி கழித்துப் பேரை வெட்டிவிடும். நாலு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது, மறுபடி போட்டால் மறுபடி நாலு நிமிடம் என்று யாராவது தலையைச் சொறிந்தால் பெரும்பாலும் இதுதான் நோய். மூன்றாவது, பலகை மாதிரியான மலிவுக் கருவிகளுக்குப் பேர் கொடுக்கவே தெரியாது. கேட்பவர்கள் இருபது முப்பது பேர், சுவிட்சுகளைப் பார்க்க ஒரு ஆளும் உண்டு என்றால் மல்டிகாஸ்ட் எடுக்கலாம். மூன்று பேருக்காக அதை இழுத்துப்போடுவது வீண் வேலை.

இன்னொரு முறை, சில மலிவுப் பெட்டிகளில் 'யூடிபி சேர்வர்' என்ற பேரில் வரும். பேர் ஏமாற்றும். அது செய்வது, கடைசியாக யார் என்னிடம் பேசினாரோ அவருக்கே பதில் சொல்வேன் என்பதுதான். தேயிலை காயவைக்கும் டிரையரின் வெப்பக் கருவிகளை பல கருவிகளைச் சேர்க்கும் ஆர்எஸ்-485 வயரில் கோத்து, மொட்பஸ் என்ற தொழிற்சாலைக் கருவிகளின் மொழியில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் இடத்துக்கு இது பொருத்தம். லெப்டொப்பை எந்த ஐபியோடு கொண்டுபோனாலும் கேட்டவுடன் பதில் வரும். தராசுக்கு இது ஆகாது. கரண்ட் போய் வந்தால் யாரிடம் பேசிக்கொண்டிருந்தோம் என்பதைப் பெட்டி மறந்துவிடும், யாராவது முதலில் கூப்பிடும்வரை வாய் திறக்காது. இரண்டு பேர் மாறி மாறிக் கேட்டால் ஒருவர் பதில் மற்றவருக்குப் போகும் சிக்கலும் உண்டு. கம்பியூட்டரே வேண்டாம், தராசுக்கும் பலகைக்கும் நடுவே நீள வயர் இழுக்க முடியவில்லை, அவ்வளவுதான் பிரச்சினை என்றால், இரண்டு பெட்டி வாங்கி ஒன்றின் டெஸ்டினேஷனில் மற்றதன் ஐபியை எழுதிவிடுங்கள். அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு விஷயத்தைத் தாண்ட முடியாது. வரியை எங்கே வெட்டுவது? 9600 வேகத்தில் ஓர் எழுத்து வர ஒரு மில்லி வினாடி கொஞ்சம் கூட ஆகும், 18 எழுத்து வர 19 மில்லி வினாடி கிட்ட. பெட்டிக்கு ஒன்றும் சொல்லாவிட்டால் வந்த துண்டை வந்தபடி அனுப்பிவிடும். முதல் பொட்டலத்தில் '0038', அடுத்ததில் '.5' என்று பிரிந்து போகும். டிசிபியில் இது பரவாயில்லை, அங்கே எல்லாம் ஒரே ஓடையாக ஓடும், பெறுபவர் சேர்த்துப் படித்துக்கொள்வார். யூடிபியில் ஒவ்வொரு பொட்டலமும் தனி ஆள். முதலாவது தொலைந்து இரண்டாவது மட்டும் வந்தால் அரைக் கிலோ என்று படித்துவிடும் புரோகிராம்களை நான் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இது. தராசு வரியை முடிக்கும் இரண்டு எழுத்துகள், பதினாறின் கணக்கில் 0டி, 0ஏ (0D, 0A), இவற்றை டிலிமிட்டர் என்ற இடத்தில் எழுதுங்கள். அவை வந்த பிறகே பொட்டலம் கட்டப்படும், ஒரு பொட்டலம் ஒரு வரி. முடிவெழுத்து இல்லாத கருவி என்றால் நேரத்தால் வெட்டலாம். இத்தனை மில்லி வினாடி அமைதி என்றால் அனுப்பு என்பது 'ஃபோர்ஸ் டிரான்ஸ்மிட்'. மொட்பஸ் மூன்றரை எழுத்து நேரத்தை இடைவெளியாகக் கேட்கும், 9600-இல் அது 4 மில்லி வினாடி கிட்ட. தராசுக்கு டிலிமிட்டரும் போட்டு இந்த நேரத்தையும் சின்னதாகப் போட்டால், தராசு நடுவில் மூச்சு விடும்போதெல்லாம் வரி உடையும். ஒன்றைப் போட்டால் மற்றதைத் தளர விடுங்கள்.

பாதுகாப்பு பற்றிச் சிலர் சிரிப்பார்கள், தோட்டத்து நெட்வேர்க்கை யார் குடையப்போகிறார் என்று. கேளுங்கள். பல இண்டிகேட்டர்கள் சீரியல் வழியாக ஒரு கட்டளை வந்தால் எடையைப் பூச்சியமாக்கிவிடும். யூடிபி போர்ட் திறந்திருந்தால், அதே வைபையில் இருக்கும் எந்தப் போனிலிருந்தும் அந்தக் கட்டளையை அனுப்பலாம். கொழுந்துக் கிலோவில் ஒரு குடும்பத்தின் சம்பளம் தொங்குகிற ஊரில் இது விளையாட்டு இல்லை. பெட்டியில் அனுமதிக்கப்பட்ட ஐபி பட்டியல் உண்டு, அதை நிரப்பலாம். நான் அதோடு நிற்கவில்லை. பெட்டியிலிருந்து தராசுக்குப் போகும் வயரையே இணைக்காமல் விட்டேன். தராசு பேசும் வயர், சிக்னல் கிரவுண்ட் வயர், இரண்டு மட்டும்தான். கேட்கக் காதே இல்லாத தராசுக்கு யார் கட்டளை போட முடியும்?

கடைசியில் எடுத்தது பல முகவரி முறை. மூன்று வரிசை: ஸ்டோர் கம்பியூட்டர், பலகை, எதிர்மலை ஒபிஸ். கொழுந்துத் தராசுக்கு 4001, பைக்கெட் தராசுக்கு 4002. மூன்று இடத்துக்கும் மாறாத ஐபி. கம்பியூட்டரின் ஃபயர்வோலில் அந்த இரண்டு போர்ட்டுக்கும் வழி திறந்தோம். இதை மறந்துவிட்டுப் பெட்டியைக் குறை சொன்ன அரை நாளும் என் கணக்கில் உண்டு. நெட்வேர்க்கில் போவதைக் காட்டும் வயர்ஷார்க் புரோகிராமில் பொட்டலம் வந்துகொண்டேயிருக்கும், எடை எழுதும் புரோகிராமுக்கு மட்டும் ஒன்றும் கேட்காது.

கணக்கு எழுதும் புரோகிராமுக்கு இரண்டு கட்டுப்பாடு வைத்தோம். வரியின் தலையில் 'எஸ்டி' இருந்தால்தான் எடை ஏற்கும், அதாவது தராசு ஆடாமல் நின்றுவிட்டது. 'யூஎஸ்' என்றால் இன்னும் ஆடுகிறது. அப்புறம், கிளாக்கர் என்டர் அழுத்தும்போது கையில் இருக்கும் வரி ஒரு வினாடிக்கு மேல் பழையது என்றால் பதியாது, திரையில் நாலு கோடு மட்டும் காட்டும். எதிர்மலைக்குப் போகும் யூடிபி வெறும் பார்வைக்கு. பதிந்த கணக்கு கம்பியூட்டரிலிருந்து தனியாக டிசிபியில் போகிறது.

ஒப்படைக்கும் நாளன்று டீமேக்கர் ஐயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கரண்ட் போனா?" மெயின் சுவிட்சை அவரையே அணைக்கச் சொன்னேன். போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். மூன்றாம் தடவை கம்பியூட்டரை முதலில் எழுப்பி, பெட்டியைக் கடைசியாக எழுப்பினோம். பலகையில் எடை வந்தது. ஆகப் பிந்தி வந்தது எதிர்மலை இணைப்புத்தான், அந்த ரேடியோ எழுந்து உட்கார அதற்கென்று ஒரு நேரம் எடுத்துக்கொள்ளும். அவர் ஐபிகளையும் போர்ட்டுகளையும் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி, தராசுப் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டினார். பக்கத்தில் என் போன் நம்பரையும், கொஞ்சம் பெரிய எழுத்தில்.